வெள்ளை ஏன் சாம்பலாகிறது: சுங்கை சிப்புட் இருட்டறையிலிருந்து பிரிண்ட் கோளாறுகளுக்கு ஒரு வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக் குளியலறைதான் நான் ஃபிலிம் நெகட்டிவ்விலிருந்து தாளில் படம் அடிக்கும் இருட்டறை. இரவு ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்து வெப்பமானியை நீட்டினாலும் 28 டிகிரி காட்டும். தாளில் உருவத்தை எழுப்பும் மருந்தான டெவலப்பர் பாட்டிலின் முதுகில் 20 டிகிரி என்று அச்சடித்திருக்கிறார்கள். பிரிண்ட் கெட்டுப்போனால் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது என்பது இந்த எட்டு டிகிரியில் மாறிவிடுகிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கிவைக்கும் சூடு, ஈரம், கதவுக்கு மேலிருக்கும் காற்றுத்துளை எல்லாம் நமக்கு முதல் பக்கத்துக்கு வரவேண்டியவை.

கடைத்தெருவில் என் சித்தப்பா ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். ஐசி (அடையாள அட்டை) படம், கல்யாணப் படம், தைப்பூசக் காவடிப் படம் எல்லாம் எடுப்பார். கடையை மூடியபோது, நெகட்டிவ்வைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரும் மூன்று மருந்துத் தட்டுகளும் என்னிடம் வந்து சேர்ந்தன. கீழே இருப்பதில் பாதி அவர் சொல்லித் தந்தது, பாதி நான் தாளை வீணாக்கிக் கற்றது. எல்லாமே கறுப்பு வெள்ளைப் பிரிண்டுக்கானவை. நான் பெரும்பாலும் இல்ஃபோர்டின் மல்டிகிரேடு ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாளில் அடிக்கிறேன். வேறு தாள் என்றாலும் காரணங்கள் இவைதான்.

தொடங்குமுன் ஒன்று. கெட்ட பிரிண்டைத் தூக்கி எறியாதீர்கள். காயவைத்து, அதன் முதுகில் பென்சிலால் வெளிச்சம் கொடுத்த நேரம், லென்ஸ் துளை அளவு, கிரேடு (கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் அளவு), டெவலப்பர் சூடு நான்கையும் எழுதிவையுங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தாளையும் டெவலப்பரையும் ஒரே இரவில் மாற்றினால் படம் சரியாகலாம், ஆனால் எது கெட்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்.

வெள்ளை வெள்ளையாக இல்லை, சாம்பல் பூத்திருக்கிறது

என் பாட்டி தோட்டத்து லயன் வீட்டு வாசலில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நெகட்டிவ் எங்களிடம் இருக்கிறது. பால்மரம் சீவிய கை இரண்டும் மடியில் இருக்கும். அதை அடித்தபோது முகம் சரியாக வந்தது, வாசல்படி சரியாக வந்தது, சேலை மட்டும் துவைக்காத துணி போல மங்கிக் கிடந்தது. மடிப்புகள் தெரியவில்லை. நேரத்தைக் குறைத்தால் முகம் வெளுத்தது, சேலை வெளுக்கவில்லை. புதுத் தாள் பெட்டி பிரித்தேன், புது டெவலப்பர் கலக்கினேன். அப்படியேதான் இருந்தது.

"சித்தப்பா, பேப்பர் கெட்டுப்போச்சு போல" என்று கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. ஓரத்து வெள்ளை விளிம்பையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளையப் பாருடா, கறுப்ப அப்புறம் பாரு. ஓரம் சுத்தமா இருக்கு, சேலை அழுக்கா இருக்கு. பேப்பர் கெட்டிருந்தா ரெண்டும்ல அழுக்காகும்?" என்றார்.

அந்தக் கேள்விதான் முதல் சோதனை. தாளை ஈஸல் என்னும் சட்டத்தில் வைத்து அடிக்கும்போது அதன் தகடுகள் ஓரத்தை மூடிக்கொள்கின்றன. என்லார்ஜர் வெளிச்சம் அங்கே படாது. அந்த ஓரத்தைப் பாருங்கள்.

ஓரமும் சாம்பலாக இருந்தால் கோளாறு தாளிலோ மருந்திலோ இருக்கலாம், அல்லது பலத்த வெளிச்சம் எங்கிருந்தோ நேராகத் தாளில் விழுந்திருக்கலாம். பிரித்தறிய, சேஃப்லைட்டையும் (தாளைப் பாதிக்காத இருட்டறை விளக்கு) அணைத்துவிட்டு முழு இருட்டில் ஒரு தாளை இரண்டாகக் கிழியுங்கள். ஒரு துண்டை நேராக ஃபிக்ஸரில் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) போடுங்கள். மற்றதை டெவலப்பரில் முழு நேரம் வைத்து, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத்தில் காட்டி, பிறகு ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டையும் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெவலப்பரில் போன துண்டு மங்கலாக இருந்தால், புதிதாகக் கலக்கி 22 டிகிரிக்குக் குளிரவைத்த டெவலப்பரில் இன்னொரு துண்டைப் போட்டுப் பாருங்கள். அப்போது வெளுத்தால் பழைய டெவலப்பர் சூடேறியிருந்தது, அல்லது ஃபிக்ஸர் சொட்டி அழுக்காகியிருந்தது. அப்போதும் மங்கினால் தாள்தான். கடை மாடியில் வெயிலில் கிடந்த பழைய தாளுக்கு இது நேரும். கொஞ்சம் பென்ஸோடிரையசோல் கரைசலை டெவலப்பரில் சேர்த்தால் ஓரளவு மீட்கலாம். நான் அப்படிப்பட்ட தாளை, நேரம் பார்க்க அடிக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கு மட்டும் ஒதுக்கிவிடுவேன். குடும்பப் படத்தை அதில் அடிக்க மனம் வராது. இரண்டு துண்டும் ஒன்றுபோல வெளுத்திருந்தால் தாளையும் மருந்தையும் விட்டுவிட்டு அறையில் வெளிச்சத்தைத் தேடுங்கள்.

ஓரம் வெளுத்து, படத்துக்குள் இருக்கும் வெள்ளை மட்டும் மங்கியிருந்தால் தாளைக் குறை சொல்ல வேண்டாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சேஃப்லைட் நல்லதா என்று பார்க்க, தாளின் மேல் ஒரு இருபது சென் காசை வைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பார்ப்பார்கள். காசின் அடையாளம் தெரியாது. "என் விளக்கு நல்லது" என்று நிம்மதியாகிவிடுவார்கள். அந்தச் சோதனை போதாது. தாளில் ஒரு துளி சாம்பல் விழ ஓரளவு வெளிச்சம் சேரவேண்டும். அந்த அளவுக்குக் கீழே எவ்வளவு பட்டாலும் கழுவிய தாள் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் என்லார்ஜரில் ஏற்கெனவே கொஞ்சம் வெளிச்சம் வாங்கிய இடத்தில் அதே சேஃப்லைட் வெளிச்சம் மேலே சேரும்போது எல்லை தாண்டிவிடும். அதனால்தான் பாட்டி சேலை மங்கியது, ஓரம் மங்கவில்லை.

சரியான சோதனை இப்படி. நெகட்டிவ் இல்லாமல் என்லார்ஜரை உயர்த்தி, லென்ஸ் துளையை நன்றாகச் சுருக்கி, ஒவ்வொரு நொடியாக டெஸ்ட் ஸ்ட்ரிப் அடித்து, கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் முதல் சாம்பலுக்கு எவ்வளவு நேரம் என்று கண்டுபிடியுங்கள். இந்த வேலையையும் சேஃப்லைட் அணைத்த இருட்டில்தான் செய்ய வேண்டும். அந்த நேரத்தை ஒரு முழுத் தாளுக்குக் கொடுங்கள். பிறகு தாளை நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வைத்து, மேலே காசை வைத்து, சேஃப்லைட்டைப் போடுங்கள். நான்கு நிமிடம் கழித்து அணைத்துவிட்டு இருட்டிலேயே டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் வெளிறித் தெரிந்தால் உங்கள் விளக்கு பாதுகாப்பானது அல்ல.

என் காசு முழுநிலவு போல விழுந்தது. இரும்புக் கடையில் வாங்கிய சிவப்பு எல்இடி குண்டு அது. பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் உள்ளே வெள்ளை எல்இடியை வைத்து மேலே சிவப்பு மூடி போட்டிருந்தார்கள். இதைச் சில நொடிகளில் கண்டுபிடிக்கலாம். ஒரு பழைய சிடியின் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். வானவில் பட்டையில் சிவப்பு மட்டும் இருக்க வேண்டும். என்னுடையதில் சிவப்புக்குப் பக்கத்தில் மெல்லிய பச்சை வால் ஒன்று நீண்டது. மல்டிகிரேடு தாளுக்கு நீலமும் பச்சையும்தான் உணவு. அந்த வால்தான் சேலையை அழுக்காக்கிய வெளிச்சம். சரியான சேஃப்லைட் வைத்திருப்பவர்களும் 15 வாட்டுக்கு மேற்பட்ட குண்டு போடாமல், தட்டிலிருந்து நான்கடியாவது தள்ளி வையுங்கள். குளியலறை குறுகலாக இருந்தால் விளக்கைக் கூரைப்பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

இதே சோதனையைச் சேஃப்லைட் அணைத்தும் ஒருமுறை செய்யுங்கள். அப்போதும் வட்டம் விழுந்தால் அறையில் வெளிச்சம் கசிகிறது. நம் வீடுகளில் கதவுக்கு மேலேயும் சன்னலுக்கு மேலேயும் காற்றுத்துளைக் கற்கள் இருக்கும். வெளியே தெருவிளக்கு எரியும். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் கண் பழகித் துளை துளையாகத் தெரியும். கறுப்புக் குப்பைப் பையை இரண்டு மடிப்பாக ஒட்டினால் அடைபட்டுவிடும். ட்யூப் லைட்டை அணைத்ததும் தாளைப் பிரிக்காதீர்கள், அது அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் மங்கலாக மினுங்கும். கைக்கடிகாரம், கைபேசி, ஏர்கான் முகப்பில் மின்னும் எண் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து மூடுங்கள்.

அறையும் விளக்கும் சுத்தம், இன்னும் வெள்ளை மங்குகிறது என்றால் என்லார்ஜர் லென்ஸைக் கழற்றிக் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பேராக்கின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி நூல் போலப் படரும். நெகட்டிவ்வில் வெளிச்சம் தாராளமாகப் போகும் இடங்களிலிருந்து, வெளிச்சம் போகக் கூடாத இடங்களுக்கு அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பிரிண்டில் அது வெள்ளையைத்தான் கெடுக்கும். பூஞ்சை ஆழமாகப் போயிருந்தால் சுத்தம் செய்ய ஆள் தேடுவதைவிட வேறு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குவது மலிவு. வாங்கியதை ஈரம் 40 முதல் 50 சதவீதம் இருக்கும் உலர் பெட்டியில் வையுங்கள். அந்தப் பெட்டிக்குச் செலவழிக்கும் ரிங்கிட் வீண் போகாது.

பாட்டி படம் அப்புறம் சரியாக வந்தது. கிரேடு இரண்டரை, 14 நொடி. சேலை மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, முந்தானை ஓரத்தில் நைந்த நூல் கூடத் தெரிகிறது.

படம் சப்பென்று இருக்கிறது, கறுப்பு கறுப்பாக இல்லை

முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள். 28 டிகிரி டெவலப்பரில் தாளைப் போட்ட சில நொடிகளில் உருவம் எழும்பிவிடும். அரை நிமிடத்துக்குள் "ஐயோ, கருத்துப்போகிறது" என்று எடுத்துவிடத் தோன்றும். அப்படிப் பாதியில் எடுத்த தாளில் கறுப்பு முழுமையாக வராது, திட்டுத் திட்டாகவும் இருக்கும். ஆர்சி தாளை முழு நேரம் உள்ளேயே விடுங்கள். அதிகம் கருத்தால் என்லார்ஜரில் நேரத்தைக் குறைக்க வேண்டும், டெவலப்பரில் குறைக்கக் கூடாது.

சூட்டைச் சமாளிக்க நான் இரண்டு வேலை செய்கிறேன். மல்டிகிரேடு டெவலப்பரை 1+9 அளவில் கலக்காமல் 1+14 அளவில் கலக்குகிறேன். கொஞ்சம் நிதானமாக வேலை செய்யும், கைக்கு அவகாசம் கிடைக்கும். டெவலப்பர் தட்டை ஒரு பெரிய பெசினுக்குள் வைத்துச் சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரில் உறையவைத்த மினரல் வாட்டர் பாட்டிலை மிதக்கவிடுகிறேன். ஐஸ் கட்டியை நேராக டெவலப்பரில் போட்டால் அது நீர்த்துவிடும்.

அதற்காக அளவு மீறிக் குளிரவைத்தாலும் இதே சப்பை வரும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரோகுவினோன் என்ற பொருள் 15 டிகிரிக்குக் கீழே போனால் தூங்கிவிடும், அழுத்தமான கறுப்பைத் தருவது அதுதான். வெப்பமானியைப் பெசினில் வைக்காமல் டெவலப்பர் தட்டிலேயே வைத்துப் பாருங்கள். 22-இலிருந்து 25-க்குள் நிலையாக நின்றால் போதும். 20-ஐத் துரத்தவேண்டிய அவசியமில்லை, இரவு முழுக்க ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம்.

டெவலப்பர் பழசாகிவிட்டாலும் இப்படியே ஆகும். தே ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்துக்கு வந்துவிட்டால் ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் மிச்சம் வைப்பதானால் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் சப்பை என்றால் நெகட்டிவ்வே மெலிதாக இருக்கும். கிரேடை ஏற்றுங்கள். இல்ஃபோர்டு வடிகட்டிகளில் 00-இலிருந்து 3½ வரை ஒரே நேரம் போதும். 4-க்கும் அதற்கு மேலேயும் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இது தெரியாமல் நாலாம் கிரேடில் படம் வெளுத்துப்போனதைப் பார்த்து வடிகட்டியைக் குறை சொல்பவர்கள் உண்டு.

மங்கல்

மங்கல் எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

ஒரு பக்கம் கூர்மையாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருந்தால் என்லார்ஜர் சாய்ந்திருக்கிறது. தச்சர் வைத்திருக்கும் ரசமட்டத்தை அடிப்பலகையிலும் நெகட்டிவ் தட்டிலும் லென்ஸ் பலகையிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி நிற்க வேண்டும்.

நடுவில் மட்டும் மங்கினால் நெகட்டிவ் வெப்பத்தில் வளைந்திருக்கிறது. குவியம் பார்க்கும்போது சரியாக இருந்து, அடிக்கும்போது நெளியும். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, நெகட்டிவ் நெளிந்து முடித்த பிறகு குவியம் பார்த்து, உடனே அடியுங்கள். துளையை f/8-க்குக் கொண்டுவந்தால் சின்ன நெளிவை அது மறைத்துவிடும். லென்ஸும் அந்த இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே நெகட்டிவ்வை வைப்பது உறுதியான தீர்வு, ஆனால் அது வேறொரு தொல்லையைக் கொண்டுவரும், கீழே சொல்கிறேன்.

முழுவதும் மங்கலாக, அதுவும் சில பிரிண்டில் மட்டும் வந்தால் அதிர்வைத் தேடுங்கள். எங்கள் வீட்டு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் சாலை. ஒருநாள் குவியம் பார்க்கும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்திருந்தேன். நெகட்டிவ்வின் மணிகள் (படமாகத் திரண்ட வெள்ளித் துகள்கள்) அரிசி கொட்டியது போலத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தன. தூரத்தில் லாரி சத்தம் கேட்டது. மணிகள் முதலில் மெல்லக் கலைந்தன, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாக நடுங்கின. லாரி கடந்த பிறகும் என்லார்ஜர் கம்பம் மூன்று நான்கு நொடி ஆடியது. அதற்குப் பிறகு நான் கம்பத்தின் உச்சியைச் சுவரோடு ஒரு இரும்புப் பட்டையால் பிணைத்தேன். இரவு பத்துக்கு மேல்தான் பெரிய படம் அடிக்கிறேன். விளக்கைப் போடும் சுவிட்ச் என்லார்ஜர் மேசையிலேயே இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், விரல் தட்டினாலே ஆடும்.

தாளை ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு இன்னொரு மங்கல் உண்டு. குளிர்ந்த பெட்டியை வெளியே எடுத்ததும் பிரித்தால் தாளில் பனி படியும். பெட்டியைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரமாவது வெளியே வைத்திருங்கள். ஏர்கான் அறையிலிருந்து கொண்டுவந்த லென்ஸுக்கும் இதே பொறுமை வேண்டும்.

புள்ளி, கோடு, வளையம்

வெள்ளைப் புள்ளி, சுருண்ட வெள்ளை முடி என்றால் நெகட்டிவ் மேல் தூசி. மின்விசிறியை அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். புகைமூட்டக் காலத்தில் நான் முக்கியமான படங்களை அடிப்பதே இல்லை.

கறுப்புப் புள்ளி என்றால் நெகட்டிவ்விலேயே ஓட்டை. படம் எடுத்தபோது ஃபிலிம் மேல் தூசி இருந்து அந்த இடம் வெளிச்சம் வாங்காமல் போயிருக்கும். இதை இருட்டறையில் சரிசெய்ய முடியாது. பிரிண்டில் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டலாம், பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளில்தான் அது நன்றாக வரும்.

கோடுகளுக்கும் இதே கணக்கு. மருந்து பூசிய பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் கறுப்புக் கோடு. வழுவழுப்பான முதுகுப் பக்கம் கீறியிருந்தால் அந்தக் கீறல் வெளிச்சத்தை விலக்கிவிடுவதால் வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோட்டுக்கு வழி உண்டு. சித்தப்பா மூக்கோரத்தில் விரலைத் தடவி, அந்த எண்ணெய்ப் பசையைக் கீறலில் ஒற்றி அடிப்பார், கோடு காணாமல் போய்விடும். வாஸ்லினும் அதே வேலை செய்யும். அடித்து முடித்ததும் நெகட்டிவ்வைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போலாகும்.

எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிவது போல வளையம் வளையமாக வந்தால் அது நியூட்டன் வளையம். கண்ணாடித் தட்டு கொண்டுவரும் தொல்லை என்று மேலே சொன்னது இதைத்தான். நெகட்டிவ்வின் வழுவழுப்பான முதுகு கண்ணாடியை ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும்போது இது வரும், மழைக்காலத்தில் அதிகம் வரும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பான நியூட்டன் தடுப்புக் கண்ணாடி போடுங்கள்.

தண்ணீர் கட் ஆகித் திரும்ப வரும்போது குழாயில் கலங்கல் வரும். அந்தத் தண்ணீரில் கழுவினால் ஈரத்தில் இளகிய மேல்பூச்சில் மண்துகள் பதிந்துவிடும், காய்ந்த பிறகு போகாது. வாளியில் கொஞ்சம் பிடித்துத் தெளியும்வரை ஓடவிட்டு, குழாய் வாயில் ஒரு பருத்தித் துணியைக் கட்டுங்கள்.

கைரேகை, திட்டு

கருத்த கைரேகை என்றால் டெவலப்பர் பட்ட விரல். வெளுத்த கைரேகை என்றால் ஃபிக்ஸர் பட்ட விரல். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் எந்த இடுக்கி எந்தத் தட்டுக்குத் தப்பாகப் போனது என்று பிரிண்டே சொல்லும். மூன்று தட்டுக்கும் மூன்று நிற இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்றாவதாக ஒரு ரேகையும் உண்டு, அது வியர்வை. நெற்றி வியர்வை சொட்டிய இடம் காய்ந்த தாளில் வட்டமாகத் தடம் விடும். கழுத்தில் ஒரு துண்டு, பக்கத்தில் உலர்ந்த துண்டு, தாளைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் கையைத் துடைப்பது என்று பழகிவிட்டேன்.

பெரிய தாளில் ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் அந்த ஓரம் தாமதமாக நனைந்திருக்கிறது. சூடான டெவலப்பரில் மூன்று நொடித் தாமதம்கூடத் தெரியும். தட்டைச் சாய்த்துத் தாளை ஒரே வீச்சில் சறுக்கிவிட்டு, தட்டை இறக்கி அலையவிடுங்கள். நான்கு மூலையும் ஒன்றுபோல வெளுத்தால் அது வேறு. என்லார்ஜர் குண்டின் உயரம் சரியில்லை. நெகட்டிவ் இல்லாமல் ஒரு தாளைச் சாம்பலாக அடித்துப் பார்த்துக் குண்டை ஏற்றி இறக்குங்கள்.

அதே நெகட்டிவ், அதே நேரம், ஆனால் வேறு வேறு கருமை

மின்சாரத்தைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போது என்லார்ஜரின் பழைய குண்டு ஒரு கணம் மங்கும். மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே டங்ஸ்டன் குண்டின் வெளிச்சம் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும், நிறமும் சிவப்புப் பக்கம் நகரும். எட்டு நொடி அடிக்கும் படத்தில் இது நன்றாகத் தெரியும். ஒரு சின்ன ஸ்டெபிலைசர் போடலாம். நான் அடிக்கும் நேரத்துக்கு ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். மறந்துபோனாலும் காலையில் சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்துவிடும்.

ஃபைபர் தாளில் ஈரத்தில் அழகாக இருந்தது காய்ந்ததும் ஒரு படி கருக்கும். அது கோளாறு இல்லை. நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள், உங்கள் தாளுக்கு எவ்வளவு என்று இரண்டு மூன்று பிரிண்டில் பிடிபடும்.

மாதங்கள் கழித்து மஞ்சள், பழுப்பு, ஊதா

இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் கோளாறு, ஏனென்றால் படத்தைக் கொடுத்த பிறகுதான் தெரியவருகிறது. ஃபிக்ஸர் களைத்திருக்கிறது, அல்லது கழுவல் போதவில்லை. தட்டில் பிரிண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தாலும் ஒட்டிய இடத்துக்கு ஃபிக்ஸர் போகாது. அந்த இடம் வெளிச்சத்தில் ஊதாச் சாயலில் திட்டாக மாறும்.

ஃபிக்ஸரைச் சோதிக்க, படம் எடுக்காத ஃபிலிம் நுனியை அதில் போடுங்கள். பால் நிறம் போய்த் தெளிவாக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். புது ஃபிக்ஸரில் ஆனதைப் போல இரண்டு மடங்கு ஆனால் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். பிரிண்ட் அடிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4 கலவையில் ஆர்சி தாளுக்கு அரை நிமிடம் போதும். வெயில் படும் அறையில் வைத்த ஃபிக்ஸர் பாட்டிலின் அடியில் வெளிறிய மஞ்சள் வண்டல் தெரிந்தால் கந்தகம் பிரிந்துவிட்டது, பயன்படுத்தாதீர்கள். என் பாட்டில்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன, வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான்.

ஆர்சி தாளுக்கு ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும். தண்ணீர் வராத நாளில் தட்டில் ஊற்றி ஆட்டிக் கொட்டுவதை ஆறு முறை செய்யுங்கள். ஃபைபர் தாளை இப்படி ஏமாற்ற முடியாது. கழுவுவதற்கு உதவும் கரைசல் இல்லாமல் அதற்கு ஒரு மணி நேரம் வேண்டும், அதனால் தண்ணீர் நிச்சயமாக வரும் நாளில் மட்டும் ஃபைபர் அடியுங்கள்.

களைத்த ஃபிக்ஸரை வீட்டு முன் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) ஊற்ற வேண்டாம். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, லோங்காங் போய்ச் சேருமிடம் ஆறு. ஒரு பழைய ஜாடியில் ஊற்றி இரும்புக் கம்பளி ஒரு கைப்பிடி போட்டு ஒரு வாரம் மூடிவைத்தால் வெள்ளி கருஞ்சேறாக அடியில் இறங்கும். மேலே நிற்பதையும் சேற்றையும் மூடிய கேனில் சேர்த்துவைத்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

காயும்போது வரும் கோளாறுகள்

மழை பெய்து ஓய்ந்த இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு பிரிண்டைக் கொடியில் தொங்கவிட்டால் ஈசல் வந்து ஈர மேல்பூச்சில் ஒட்டும். இறகைப் பிடுங்கினால் பூச்சும் சேர்ந்து வரும். பிரிண்டை மீண்டும் தண்ணீரில் போட்டு ஊறவைத்தால் தானாகக் கழன்றுகொள்ளும். கொடியை ஒரு பழைய கொசுவலைக்குள் கட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பளபளப்புத் தாளில் திட்டாக ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி மின்னினால் பிரிண்டுகள் முழுக்கக் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஓரத்தில் ஈரம் நிற்கும். ஆர்சி தாளின் இரண்டு பக்கமும் ரப்பர் துடைப்பானால் வழித்துவிட்டு ஓர் இரவு தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் இரண்டு இரவு. அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே வெள்ளைக் காகிதம் வையுங்கள். சட்டம் போடுவதானால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி அட்டை விளிம்பு கொடுங்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.